கையில் கயிறு வருவதற்கு முன்னால்: ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வந்து சேரும்போது அவர்கள் மணிக்கட்டைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். பெரும்பாலும் வெறும் கையாக இருக்கும். இல்லையென்றால் அம்மா முடிந்துவிட்ட கறுப்புக் கயிறு, காய்ச்சல் வந்தபோது பள்ளிவாசலில் மந்திரித்துக் கட்டிய கயிறு, இப்படி ஏதாவது. காலாண்டுப் பரீட்சை முடிந்து திரும்பி வரும்போது சிலர் கையில் வேறொரு கயிறு ஏறியிருக்கும். இரண்டு நிறம் சேர்த்து முறுக்கியது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வேலை பார்த்த வாத்தியாருக்கு அந்த நிறத்தைப் பார்த்தாலே போதும், பையன் எந்தச் சாதி, எந்தத் தெரு, எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற வீடு என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இந்த இரண்டு மூன்று மாதத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு பையனை வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். 2017இல் அவன் என் வகுப்பில் சேர்ந்தான். பெயர், ஊர், பள்ளி எதையும் சொல்லப்போவதில்லை. கயிற்றின் நிறத்தையும் சொல்ல மாட்டேன், சொன்னால் படிக்கிறவர் கண் அதிலேயே நின்றுவிடும், மற்றது எதுவும் மண்டையில் ஏறாது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்த பையனோடு அவன் ஒட்டிக்கொண்டான். இரண்டு பேரும் வேறு வேறு ஊர், ஒரே பஸ். இவன் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருவான், சேக்காளிக்குச் சத்துணவு. முட்டை போடுகிற அன்றைக்கு வேப்பமரத்தடியில் ஒரு வேடிக்கை நடக்கும். முட்டையைக் கையால் பிய்த்தால் மஞ்சள் கரு உதிர்ந்துவிடும் என்று சட்டை ஓரத்தில் பிரிந்து தொங்குகிற நூலை இழுத்து, அதை வைத்துச் சரிபாதியாக அறுப்பார்கள். பாதி முட்டைக்கு இவன் பங்காக நாலு கூழ்வத்தல். கணக்கு ஒருநாளும் தகராறு ஆனதில்லை. அறுத்து அறுத்தே அந்தச் சட்டையில் ஓரத் தையல் பாதி காணாமல் போய்விட்டது.

ஜூலையில் உதவித்தொகை வேலை வந்தது. பாஸ்புக் ஜெராக்ஸ், சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து ஆபீஸில் கொடுக்க வேண்டும், நாளைக்குக் கடைசித் தேதி என்று இன்றைக்குத்தான் சொல்வார்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் நான், வருஷா வருஷம் சொல்கிற மாதிரியே சொன்னேன்: "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்கலே, யார் யார் இன்னும் ஜெராக்ஸ் கொண்டாரலை?"

சேக்காளி எழுந்தான். கூடவே இவனும் பாதி எழுந்தான். அவன் எழுந்தால் இவனும் எழுவான், அவ்வளவுதான், சாக்பீஸ் வாங்கிவரச் சொன்னாலும் தண்ணீர் பிடித்துவரச் சொன்னாலும் அப்படித்தான். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். "ஏலே, ஒனக்கு என்னலே? நீ நம்ம ஆளு. உக்காருலே." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் உட்கார்ந்தான், உட்கார்ந்து நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அதுவரைக்கும் அந்த வகுப்பில் இருந்த 38 பேரும் அவனுக்கு 38 பேர். அன்றைக்கு அது இரண்டு கும்பல் ஆனது, பிரித்துக் காட்டியது நான்.

இதை நான் பிற்பாடு எனக்கு நானே பழி போட்டுக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் இல்லாவிட்டாலும் அவன் கைக்குக் கயிறு வந்திருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் முன்முடிவு எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு, எனக்குத் தெரிந்த ஆராய்ச்சிகளிலேயே மிகவும் பொருத்தமான ஒன்று அந்தக் காட்சியை அப்படியே படம் பிடித்த மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளர் 1990களில் ஒரு கோடைப் பள்ளியில் செய்தது அது. ஆறிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள். எல்லோருக்கும் நீலம் அல்லது மஞ்சள் பனியன். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தை வேலைக்குப் பயன்படுத்தினார்கள். நீலம் இந்தப் பக்கம் உட்காரு, மஞ்சள் வரிசையில் நில்லு, நீலத்தின் ஓவியம் இந்தப் பலகையில், இந்த மாதிரி. எந்த நிறத்தையும் உயர்த்திப் பேசக் கூடாது, இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது கட்டளை. இன்னொரு வகுப்பில் பிள்ளைகள் அதே பனியனைத்தான் போட்டிருந்தார்கள், ஆனால் ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. சில வாரம் கழித்துக் கேட்டுப் பார்த்தால், நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்ட வகுப்பில் பிள்ளைகள் தங்கள் நிறத்துக்காரர்களைத்தான் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள் என்று சொன்னார்கள். கண்டுகொள்ளாத வகுப்பில் அப்படி ஒரு சாய்வு பிடிக்கவில்லை. இரண்டு இடத்திலும் பனியன் ஒன்றேதான்! யாரும் யாரையும் திட்டவில்லை, யாரையும் கீழே வைக்கவில்லை. பெரியவர்கள் அதைச் சொல்லிப் பிரித்தார்கள், பிரித்தால் அதில் ஏதோ விஷயம் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்துகொண்டார்கள். அந்த 'ஏதோ' என்ன என்பதை அவர்களே கற்பனை செய்து நிரப்பிக்கொள்வார்கள்.

என் பையன் நிரப்பிக்கொண்டது என்ன என்று எனக்கு ஆகஸ்ட் வாக்கில் தெரிந்தது. ஏதோ பேச்சில், "கவர்மெண்டு காசு அவனுகளுக்குத்தான் சார் குடுக்கும், அவனுக படிக்கவே வேண்டாம்" என்றான். பாடப்புத்தகமும் பையும் செருப்பும் இவனும் அதே அரசாங்கத்திடம்தான் வாங்கினான், ஆனால் அதற்காக இவனை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தது ஒன்றுதான்: அவர்கள் நின்றார்கள், பணம் பற்றிப் பேச்சு வந்தது. மிச்சத்தை அந்தப் பதினோரு வயது மூளை சேர்த்துக்கட்டிக்கொண்டது.

அந்த வாக்கியத்தில் என்னை உறுத்தியது பணம் இல்லை, 'அவனுக' என்ற சொல். ஜூலை வரைக்கும் அவன் வாயில் சேக்காளியின் பெயர்தான் வரும், இல்லையென்றால் 'அவன்'. "சார், அவன் நோட்டு கொண்டாரலை", "அவன் அம்மைக்கு உடம்பு சரியில்லயாம்." இப்போது 'அவனுக'. "அவனுக நோட்டைக் குடுத்தா ஒழுங்கா திருப்பித் தரமாட்டானுக." நோட்டைத் திருப்பித் தராதவன் ஒரே ஒருவன், அதுவும் ஒரே ஒரு தடவை, எனக்குத் தெரியும். அந்த ஒருவனை ஒரு கூட்டமாக்குவதற்கு அவனுக்கு ஒரு விகுதி போதுமாக இருந்தது. வாத்தியார்கள், பெற்றோர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டும் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், பிள்ளை எந்த நாளில் 'அவன்' என்பதை விட்டு 'அவனுக' என்று பேச ஆரம்பிக்கிறது என்று. கயிறு அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்தான் வரும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். பிள்ளைகளின் முன்முடிவைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி தோல் நிறத்தைப் பற்றியது. மூன்று மாதக் குழந்தையே தான் தினமும் பார்க்கிற இனத்து முகங்களை அதிக நேரம் பார்க்கிறது, பிறந்தவுடன் அந்த வேறுபாடு இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். சரி. நம் ஊரில் அது எப்படிப் பொருந்தும்? என் வகுப்பில் அந்த இரண்டு பையன்களையும் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்பீர்கள். முகத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாததால்தான் சாதியைக் கண்டுபிடிக்கப் பிள்ளை ஆயிரம் துப்பு தேட வேண்டியிருக்கிறது: எந்த ஸ்டாப்பில் ஏறுகிறான், சாமி பேர் என்ன, அப்பாவை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யார் வந்தால் நாற்காலி போடுகிறார்கள். அதாவது யாராவது காட்டிக்கொடுத்தே ஆக வேண்டும். கயிற்றுக்குத் தேவை வந்ததே அதனால்தான்.

காட்டிக்கொடுத்தது வீடா? அவன் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது நான் மெதுவாக ஆரம்பித்தேன். அந்த அம்மா பதறிப்போய், "நாங்க வீட்ல சாதியெல்லாம் பேசவே மாட்டோம் சார், பிள்ளைங்க காதுல அதெல்லாம் விழவே கூடாதுன்னு இருக்கோம்" என்றார்கள். பொய் சொல்லவில்லை, நான் நம்புகிறேன். பையனும் அதையே வேறு விதமாகச் சொன்னான். எழுந்து உட்கார்ந்த அன்றைக்கு ராத்திரி, "நாம என்ன ஆளும்மா?" என்று கேட்டிருக்கிறான். "பேசாம படி" என்று பதில் வந்திருக்கிறது. அப்புறம் ஒருநாள் சேக்காளி நோட்டு வாங்க வீட்டுக்கு வந்திருக்கிறான். "அம்மா ஒண்ணும் சொல்லலை சார். வாசல்லயே பேசி அனுப்பிருன்னாங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். டெக்சாஸில் வெள்ளை இனத்துத் தாய்மார்களையும் அவர்களின் நாலைந்து வயதுப் பிள்ளைகளையும் வைத்து 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது, அதிலும் பிக்லர் உண்டு. அந்தத் தாய்மார்களும் இனத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதையே தவிர்த்தார்கள். விளைவு, அம்மாவின் மனதில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளால் சரியாகச் சொல்ல முடியவில்லை, பிள்ளைகளின் சாய்வுக்கும் அம்மாவின் கருத்துக்கும் சம்பந்தமே இல்லை. எது பொருந்தியது என்றால், அம்மாவின் நண்பர்களில் வேற்று இனத்தவர் எவ்வளவு பேர் என்பது. வேற்று இனத்து நண்பர்கள் கூடுதலாக இருந்த வீட்டில் பிள்ளையின் சாய்வு குறைவு. வாயால் சொல்வதை விட்டுவிட்டு, யார் வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறது. 'நாங்கள் பேசுவதே இல்லை' என்பதைப் பெருமையாகச் சொல்கிற வீடுகளுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

வீடு வாயை மூடிக்கொண்டால் பேசுவதற்கு ஆள் வேறு இடத்தில் தயாராக இருக்கிறது. இவனுக்குப் பெரியப்பா மகன், அப்போது பதினொன்றாம் வகுப்பு. பஸ்ஸில் பின்சீட்டுக் கூட்டம். ஆடிக் கொடைக்கு ஊரில் பேனர் கட்டியது, பனியன் அடித்தது எல்லாம் அந்தக் கூட்டம்தான். கொடை முடிந்த வாரம் இவன் கயிற்றோடு வந்தான்.

"யாருலே கட்டிவிட்டா?"

"அண்ணன் சார்."

"எதுக்கு?"

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். "இது இருந்தா பஸ்ல யாரும் கேக்க மாட்டாங்க சார்."

"என்னத்தைக் கேக்க மாட்டாங்க?"

"நீ என்ன ஆளுன்னு."

வெறுப்பைத் தேடிக்கொண்டு போனவனுக்குக் கிடைத்தது பயம். அந்தக் கேள்வியை அவனிடம் எத்தனை பேர் கேட்டார்களோ, பதில் தெரியாமல் அவன் எத்தனை தடவை முழித்தானோ! வீட்டில் கேட்டால் 'பேசாம படி'. அண்ணன் மட்டும்தான் அதற்கு ஒரு பதிலைக் கையில் கட்டிவிட்டான். கட்டினவுடன் கெத்தும் சேர்ந்து வந்தது, பின்சீட்டில் கொஞ்சம் இடமும் கிடைத்தது. அந்த வயதுக்கு அது என்ன சின்ன விஷயமா?

இடம் கிடைத்தபின் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, இங்கேதான் விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது. ஹென்றி தாஜ்ஃபெல் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களை ஒன்றுமில்லாத காரணத்தைச் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. பரிசுப் பணத்தைப் பங்கு போடச் சொன்னால், இரண்டு பக்கமும் நிறையக் கிடைக்கிற வழி இருக்கும்போதே, தன் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்துக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்கிற வழியைப் பலர் எடுத்தார்கள். வேப்பமரத்தடியில் நான் பார்த்ததும் இதுதான். முட்டை நாளில் இவன் சேக்காளி பக்கம் போகவில்லை. பாதி முட்டை இவனுக்கு நஷ்டம், நாலு வத்தல் அவனுக்கு நஷ்டம். பின்சீட்டுக்கு அது லாபம்.

இதெல்லாம் ஒரு பையனின் கதை, இதில் ரத்தம் இல்லை. இதே கயிறு எங்கே போய் முடியும் என்பதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாததில்லை. 2019 ஜூலை இறுதியில் பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார், சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு கட்டிச் சாதியைக் காட்டுகிற பள்ளிகளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுங்கள் என்று. பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் நேரில் பார்த்துச் சொன்னதால் வந்த சுற்றறிக்கை அது. சாமி கயிற்றில் கை வைக்கிறார்கள் என்று கூச்சல் கிளம்பியது, அமைச்சரே தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை என்றார், அது அப்படியே அமுங்கிப்போனது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடியில் கயிற்றுத் தகராறில் பிளஸ் டூ மாணவன் ஒருவன் உயிரை விட்டான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரி. பள்ளிக்கூடத்தில் நடந்த சாதிக் கொடுமையைச் சொன்னதற்காக ஒரு மாணவனை, கூடப் படித்த பையன்களே ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் விடவில்லை. என் பையன் அந்த வருஷம் பிளஸ் டூ, வெட்டுப்பட்ட பையனின் வயது.

நாங்குநேரிக்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் 600 பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம், சைக்கிளில் சாதி நிறம் வேண்டாம் என்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது யாரும் பேசாத சின்னச் சின்ன வரிகள்: வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகைப் பேச்சை வகுப்பில் எல்லோர் முன்னாலும் எடுக்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதை எனக்குச் சொல்ல ஒரு குழுவா தேவைப்பட்டது?

அந்தக் காலத்தில் நான் செய்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நேரம் ஆகாது. முதலில் பிரசங்கம் பண்ணினேன். நம் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சடித்திருக்குமே, அதை வகுப்பு மொத்தமும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். நன்றாகவே படித்தார்கள். இவன் குரல்தான் இருக்கிறதிலேயே பெரிசு. கயிற்றைக் கழற்றச் சொன்னேன், கழற்றினான், பஸ்ஸில் மறுபடி கட்டிக்கொண்டான். கடைசியில் கொஞ்சமாவது உருப்படியாகச் செய்தது இரண்டு. அகர வரிசைப்படி பெஞ்சில் உட்கார வைத்து, மாதம் ஒரு தடவை மாற்றினேன். எழுந்து நிற்கச் சொல்வதை நிறுத்தி, ஜெராக்ஸ் விஷயத்தை எல்லாம் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அதற்கு அடுத்த வருஷ ஆறாம் வகுப்பில் கயிறு வரவில்லையா என்று கேட்டால், வந்தது. காலாண்டுக்குப் பதில் அரையாண்டு தாண்டி வந்தது, அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பையன் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் அதே பள்ளியில்தான் இருந்தான். பள்ளியில் கயிற்றைப் பார்த்துக் கழற்றவைக்க ஆரம்பித்ததும் அந்த அடையாளம் பனியன் நிறமாக மாறியது, சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிட்டால் தெரியும், எச்.எம். வந்தால் மூடிக்கொள்ளலாம். என்னைக் கண்டால் மரியாதையாக வணக்கம் சொல்வான். கெட்ட பையன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன்.

இந்த ஆய்வில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, எழுத உட்கார்ந்தபோதுதான் அது எனக்கே உறைத்தது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளை பொம்மைகளையும் பழுப்பு பொம்மைகளையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள், பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையைத்தான் காட்டின. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் அந்த வேலைக்கு இடம் கிடைத்தது. அவர்கள் போய்க் கேட்டது ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம். நான் உட்கார வைக்கப்பட்டவனையே ஏழு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன், நின்றவனிடம் ஒரு தடவைகூடப் போய்க் கேட்கவில்லை. அவன் பத்தாவதோடு ஐ.டி.ஐ. போய்விட்டான், அத்தோடு என் கண்ணிலிருந்தும் போய்விட்டான்.

2024 கடைசியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி மாட்ட வந்தவன் அவன்தான். என்னை அடையாளம் கண்டு வீட்டுக்கு வந்தான். உள்ளே கூப்பிட்டேன், வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வந்தான். டீ வந்தது. எந்த டம்ளரில் வருகிறது என்று நான் பார்த்தேன், என் வீட்டிலேயே அதைப் பார்க்க வேண்டியிருந்தது. வேலை, சம்பளம், தங்கச்சி படிப்பு என்று பேச்சு போய், பழைய வகுப்புக்கு வந்தது. அந்த ஜெராக்ஸ் நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்ததற்கு ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்து, மன்னிப்புக் கேட்கிற வார்த்தையை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நல்லா ஞாபகம் இருக்கு சார். அன்னைக்கு அவனும் என்கூட எந்திச்சாம்லா."